தம்பிலுவில் வீதியில் ஒரு சுண்ணாம்புக் கோடு

கல்முனையிலே தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்தில் ஏறுபவர், இடப்புறத்து ஆசனமொன்றைத் தேடிப் பிடித்துக்கொள்வது நன்று. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் தொடுத்து நீளும் அப்பெருந்தெருவிலே, தென்னஞ்சோலைகளின் இடைவெளிகளில் அவ்வப்போது கடல் எட்டிப் பார்க்கும். மேற்குப் புறத்தே, வீடுகள் ஓய்ந்த இடங்களில், வயல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். பள்ளிவாசலின் மினாராவும் கோயிலின் கோபுரமும் மாறி மாறித் தோன்றி மறையும். முஸ்லிம் பட்டினங்களும் தமிழ்க் கிராமங்களும் ஒரே நூலிற் கோத்த இருநிற மணிகள் போல் இங்கே அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. இரண்டிலும் கேட்கும் மொழி ஒன்றே, தமிழ்.

காரைதீவைக் கடக்கும்போது, 1892 ஆம் ஆண்டிலே விபுலாநந்த அடிகள் பிறந்த மண் இதுவென்று பக்கத்திலிருந்தவர் எமக்குச் சுட்டிக் காட்டினார். அக்கரைப்பற்றைத் தாண்டியதும் வீடுகள் ஐதாகின்றன. காற்றிலே உப்பின் வாடை கூடுகிறது. தம்பட்டை வருகிறது. அதன்பின் தம்பிலுவில். இன்னும் சிறிது தூரஞ் சென்றால் சித்திர வேலாயுதர் எழுந்தருளியிருக்கும் திருக்கோவில். ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடச் செல்லும் அடியார்கள் தம்பிலுவிலைப் பெரும்பாலும் பேருந்தின் ஜன்னலூடாகவே கண்டு செல்வர். நாமும் முன்னர் அப்படித்தான் கண்டிருந்தோம். இம்முறை அங்கே இறங்கினோம். அண்மையில் ஒரு சித்திரை மாதம், புத்தாண்டு பிறந்து சில நாட்களே கழிந்திருந்த வேளை. துவிச்சக்கரவண்டி ஓட்டப் போட்டி ஒன்று நடைபெறவிருப்பதாக நண்பரொருவர் அறிவித்திருந்தார்.

இவ்வூரிலே துவிச்சக்கரவண்டியின்றி ஒரு நாளும் விடிவதில்லை என்றே சொல்ல வேண்டும். மீன்பெட்டியைப் பின்னே கட்டிக்கொண்டு வியாபாரி வருவதும் அதிலேதான். மண்வெட்டியைக் குறுக்கே வைத்துக்கொண்டு வயலுக்குப் போவதும் அதிலேதான். மூன்று பாடசாலைப் பிள்ளைகள் ஒரே வண்டியில் தொற்றிக்கொண்டு செல்வதும் அதிலேதான். மேடு பள்ளம் அறியாத தரை. கொழும்பிலே தொடங்கி, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை ஆகிய ஊர்களைக் கடந்து பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து கரையோரமாக வடக்கே ஏறி மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 வீதி, இவ்விடத்தில் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகிறது. ஓட்டப் போட்டிக்கென்றே அமைத்த வீதி என்று இளைஞர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. வெள்ளோட்டத்துக்குத் தடை ஒன்றே ஒன்றுதான்; காற்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்தும், மற்றைக் காலங்களில் முற்பகல் ஏற ஏறக் கடலிலிருந்தும், குறுக்கே வந்து மோதும்.

போட்டியைப் பற்றிச் சொல்லுமுன், இவ்வூரின் கண்ணகை அம்மன் கோயிலைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறியாக வேண்டும். மட்டக்களப்புத் தேசத்தின் கண்ணகி கோயில்களிற் புகழ் பெற்றவற்றுள் ஒன்று தம்பிலுவிற் கோயில். வைகாசி மாதத்திலே சடங்கு தொடங்கும், திருக்குளிர்த்தியோடு நிறைவெய்தும். அந்நாட்களில் இப்பகுதிக் கோயில்களிற் படிக்கப்பெறும் காவியத்துக்குக் ‘கண்ணகி வழக்குரை’ என்று பெயர். பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் ஏட்டுச் சுவடிகளை ஒப்பு நோக்கி அதனை அச்சிலே பதிப்பித்திருக்கிறார். பெயரைக் கவனியுங்கள். கற்பின் பெருமை என்றோ, மதுரை எரிந்த கதை என்றோ அதற்குப் பெயரில்லை. வழக்கு உரைத்த கதை! விசாரியாது தீர்ப்பளித்தான் ஓர் அரசன்; கையிலே சான்றை ஏந்திக்கொண்டு அரண்மனை வாயிலுக்கே சென்று அத்தீர்ப்பைக் கேள்விக்குள்ளாக்கினாள் ஒரு பெண். சிலம்பு உடைந்தது, உள்ளே இருந்த பரல் உண்மையைச் சொல்லிற்று. அதற்குள் கோவலன் மாண்டு போயிருந்தான். தலைமுறை தலைமுறையாக இக்கதையைக் கேட்டு வளர்ந்த ஊரிலே, தீர்ப்புச் சொல்ல முன்வருபவர் சற்று அஞ்சியே முன்வருவார் என்று நாம் எண்ணிக்கொண்டோம். அன்று நண்பகலுக்குள் அந்த எண்ணம் சோதனைக்குள்ளாயிற்று.

தம்பிலுவிலிலிருந்து புறப்பட்டு, அக்கரைப்பற்று எல்லைவரை சென்று, புறப்பட்ட இடத்துக்கே மீள வேண்டும் என்பது ஏற்பாடு. எவ்வூரவரும் பங்குபற்றலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஆகவே திருக்கோவில், தம்பட்டை இளைஞர்களோடு அக்கரைப்பற்றிலிருந்தும் அட்டாளைச்சேனையிலிருந்தும் முஸ்லிம் வாலிபர் சிலரும் வந்திருந்தனர். வளைந்த கைபிடியும் மெல்லிய ரயரும் கொண்ட பந்தய வண்டிகள் நாலைந்து. மற்றவை எல்லாம் நாள்தோறும் மீனும் நெல்லும் சுமக்கும் சாதாரண வண்டிகள். மணிக்கூண்டையும் சேற்றுக்காப்பையும் கழற்றிவிட்டால் அதுவும் பந்தய வண்டிதானே! முடிவிடத்திலே வீதிக்குக் குறுக்காகச் சுண்ணாம்புத் தூளாற் கோடு கீறப்பட்டிருந்தது. மத்தியஸ்தர்கள் மூவர். ஒருவர் ஓய்வுபெற்ற அதிபர். அவருடைய மாணவர் அல்லாதார் அக்கூட்டத்தில் மிகச் சிலரே. மற்றவர் அக்கரைப்பற்றிலிருந்து அழைக்கப்பட்ட விளையாட்டு ஆசிரியர். மூன்றாமவர் கழகத்தின் மூத்த உறுப்பினர்.

பட்டாசு வெடித்தது, ஓட்டம் தொடங்கிற்று. இடைநேரத்தில் கயிறிழுத்தலும் தலையணைச் சண்டையும் நடந்தன. அவற்றை விரிக்காது விடுகிறோம்.

வடக்கே தூசி தெரிந்ததும் கூட்டம் வீதிக்குள் நெருங்கிற்று. முன்னே வந்தவர் இருவர். ஏனையோர் வெகு தூரம் பின்தங்கியிருந்தனர். முதலில் வந்தவன் தம்பிலுவில் இளைஞன். அவன் பின்சில்லோடு தன் முன்சில்லை ஒட்டினாற்போல் வந்தவன் அக்கரைப்பற்று வாலிபன். தெற்கு நோக்கி வந்த அவர்களுக்குக் காற்று இடப்புறமாகக் கடலிலிருந்து அடித்தது. இங்கேதான் சைக்கிளோட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. முன்னே செல்பவன் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்கிறான்; பின்னே ஒட்டிச் செல்பவனுக்கு அந்நிழலிலே உழைப்பிற் கால்வாசிக்கு மேல் மிச்சமாகிறது. குறுக்குக் காற்றிலோ அந்நிழல் நேர் பின்னால் விழாது, ஒரு புறமாகச் சாய்ந்து விழும். அன்று அது வலப்புறம் விழுந்தது. பின்னவன் அந்நிழலில் ஒதுங்க வலப்புறம் வருவான். முன்னவன் அவனுக்கு நிழல் கொடாதிருக்கத் தானும் வீதியின் வலது ஓரத்துக்கு நகருவான். இது தந்திரம், குற்றமன்று. ஆயினும் ஒரு கட்டத்துக்குப் பின் அதுவே குற்றமாகிவிடும்.

அக்கட்டம் எது? இறுதிப் பாய்ச்சல் தொடங்கும் கணம். ‘ஸ்பிரிண்ட்’ என்று உலகமெங்கும் வழங்கும் அப்பாய்ச்சலைத் தொடங்கும்போது ஓட்டவீரன் எந்தப் பாதையைத் தெரிந்துகொண்டானோ, அப்பாதையை விட்டு விலகிப் பிறருக்கு ஆபத்து விளைவிக்கலாகாது என்பது சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனத்தின் விதி. கோடு கடக்கும்வரை அவன் தன் பாதைக்குச் சிறைப்பட்டவன். வேண்டுமென்று விலகினானா, களைப்பினால் விலகினானா என்று விதி கேட்பதில்லை.

கடைசி நூறு யார் தூரத்திலே, வீதியோரத்து மதகைக் கடந்ததும், தம்பிலுவில் இளைஞன் ஆசனத்தை விட்டு எழுந்து மிதித்தான். அவனுக்கும் வீதியின் ஓரத்துக்கும் இடையே ஒரு வண்டி நுழையத்தக்க வழியிருந்தது. பின்னவன் அதற்குள் நுழைந்தான். அடுத்த கணம் அவனுடைய வண்டி மணலில் இறங்கித் தடுமாறிற்று, விழவில்லை. மறுபடி தாருக்கு ஏறி, பாதிச் சில்லு வித்தியாசத்திற் பின்னடைந்து கோட்டைக் கடந்தான். உள்ளூர்க் கூட்டம் ஆரவாரித்தது. வெளியூர்க் கூட்டம் அதைவிட உரக்கக் கூவிற்று. “தள்ளிட்டான்!” என்றது ஒரு பக்கம். “அவன்தான் இல்லாத வழியால வந்தான்!” என்றது மறுபக்கம்.

கைத்தொலைபேசியிற் படம் பிடித்தவர்கள் பலர். ஒருவர் காட்டிய படத்தில் தம்பிலுவில் இளைஞன் ஒரு முழம் முந்தியிருந்தான். வேறொருவர் காட்டியதில் அக்கரைப்பற்று வாலிபனே முந்தியிருந்தான்! இரண்டும் பொய்யல்ல. கோட்டுக்கு நேராக நில்லாது சரிந்த கோணத்திலிருந்து பார்க்கும்போது பொருள்கள் இடம் மாறித் தோன்றும். ஐரோப்பாவிலே இக்குறையைத் தீர்ப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. குறுகிய துவாரத்தினூடாகக் கோட்டை மாத்திரம், வேறெதையும் பாராது, கணத்துக்குக் கணம் பதிவு செய்து, அக்கீற்றுக்களை ஒட்டி ஒரே படமாக்கும் கமரா அது. அப்படத்தில் இடமிருந்து வலமாக நாம் காண்பது தூரத்தை அன்று, காலத்தை. முன்சில்லின் ரயர், கோட்டின் விளிம்பிலிருந்து நேர்மேலே எழும் கற்பனைச் சுவரைத் தொடும் கணமே முடிவு. 2017 ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் ஓட்டத்தின் ஏழாம் நாள், நுயி-சென்-ஜோர்ஜ் என்னும் ஊரிலே, ஜேர்மனியரான மார்செல் கிட்டெல், நோர்வேயைச் சேர்ந்த எட்வால்ட் போவாசன் ஹாகனை வென்றது 6 மில்லிமீற்றரால். இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, அரிசி மணியொன்றின் நீளத்தில் ஒருவர் தோற்றார். ஆயினும் அத்தீர்ப்பைப் பற்றிப் பெரிய பிணக்கு எழவில்லை. படம் பேசிற்று, முடிந்தது.

எவன் முந்தினான் என்ற கேள்விக்குக் கருவி விடை கண்டுவிட்டது. எவன் பிழை செய்தான் என்ற கேள்வியோ கமராக்கள் பெருகப் பெருகச் சிக்கலாகிக்கொண்டே வருகிறது. இதற்கு அதே 2017 ஆம் ஆண்டின் டூர் டி பிரான்ஸ் தக்க சான்று. மேற்சொன்ன நாளுக்கு மூன்று நாள் முன்னர், ஜூலை 4 ஆம் திகதி, விட்டெல் நகரிலே இறுதிப் பாய்ச்சலின்போது பிரித்தானியரான மார்க் கவென்டிஷ் தடுப்பு வேலியோடு மோதி விழுந்தார். தோட்பட்டை எலும்பு முறிந்தது. அவருக்கும் வெற்றிக்கும் இடையே நின்றவர் அப்போதைய உலகச் சம்பியன், சிலோவாக்கியாவின் பீட்டர் சகான். சகானின் முழங்கை வெளியே நீண்டதை உலகம் தொலைக்காட்சியிற் கண்டது. மத்தியஸ்தர்கள் முதலில் அவருக்கு நேரத் தண்டனை விதித்து, அந்நாளின் வரிசையில் அவரைப் பின்தள்ளினர். சில மணி நேரத்துள் அதை மாற்றி, ஓட்டத்திலிருந்தே விலக்கினர். ஒரே நாளில், ஒரே செயலுக்கு, இரண்டு தீர்ப்புக்கள்! வேறு கோணத்துப் படங்களோ, முழங்கை நீளுமுன்னரே கவென்டிஷ் சரியத் தொடங்கிவிட்டார் என்று பலரை எண்ண வைத்தன.

சகானின் அணியினர் விளையாட்டுத் துறைக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். அவர்களுடைய முறைப்பாட்டில் எம் உள்ளத்தைத் தொட்டது ஒன்று: சகானின் பக்க நியாயத்தைக் கேளாமலே அவரை விலக்கினர் என்பது. ஓட்டத்தில் உடனே மீளச் சேர்க்குமாறு கேட்ட அவசர மனு நிராகரிக்கப்பட்டது. டிசம்பர் மாதத்திலேதான் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன. நிகழ்ந்தது எவரும் வேண்டுமென்று செய்யாத ஓட்ட விபத்து என்று சம்மேளனம் ஏற்றுக்கொண்டது. அதற்குள் டூர் முடிந்து நாலு மாதத்துக்கு மேலாகியிருந்தது. முந்திய ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து பச்சைச் சட்டையை வென்றிருந்தவருக்கு அவ்வாண்டு அது கிட்டவில்லை. மறுபடி அந்த வீதியை யார் விரித்துக் கொடுப்பது? அவ்வழக்கினால் விளைந்த நன்மை, வீடியோப் படங்களைப் பார்ப்பதற்கெனத் தனி மத்தியஸ்தர் ஒருவர் பெரிய ஓட்டங்களில் அமர்த்தப்பட்டமை.

மத்தியஸ்தர்களைக் குறை கூறுவது எளிது. அவர்கள் தயங்கினால் என்னாகும் என்பதையும் பார்க்க வேண்டும். 2020 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், போலந்து நாட்டின் கட்டோவிட்சே நகரில், ஒல்லாந்தரான டிலான் குரூனவேகன் தன் பாதையை விட்டு விலகி, தன் நாட்டவரே ஆன பாபியோ யாக்கப்சனைத் தடுப்பு வேலியோடு நெருக்கினார். இறக்கமான வீதி, மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வேகம். யாக்கப்சன் நினைவிழந்து வைத்தியசாலையிற் கிடந்தார். முகம் சிதைந்து போயிற்று. அன்றைய வெற்றி அவருக்கே வழங்கப்பட்டது. குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. இறக்கத்திலே முடிவிடத்தை அமைத்தவர்கள் மீதும், இலகுவிற் பிரிந்து பறந்த வேலி மீதும் குற்றஞ் சுமத்தியோர் பலர். ஆனாற் தண்டனை ஓட்டவீரருக்கு மட்டுமே கிடைத்தது. எமக்கு அது முழு நியாயமாகத் தோன்றவில்லை. 2022 ஆம் ஆண்டு டென்மார்க்கிலே டூர் தொடங்கியபோது, இரண்டாம் நாள் ஓட்டத்தை யாக்கப்சனும் மூன்றாம் நாள் ஓட்டத்தைக் குரூனவேகனும் வென்றனர் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம்.

இன்னும் பழைய கதையொன்று. 1988 ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டின் ரொன்ஸே நகரில் உலகச் சம்பியன் ஓட்டம். சொந்த மண்ணிலே வெற்றியை எட்டிக்கொண்டிருந்த குளோட் கிரிகியேலியோன், கனடாவின் ஸ்டீவ் பாவருக்கும் வேலிக்கும் இடையே புகுந்து செல்ல முயன்று விழுந்தார். அக்கரைப்பற்று வாலிபன் புகுந்த வழி போன்றதே அதுவும்! பின்னால் வந்த இத்தாலிய இளைஞர் மவுரிட்சியோ பொண்ட்ரியெஸ்ட் இருவரையும் கடந்து சென்று உலகச் சம்பியனானார். பாவர் நீக்கப்பட்டார். அத்தோடு விடவில்லை கிரிகியேலியோன். பாவர் மீது நீதிமன்றத்தில் நட்ட ஈடு கோரி வழக்குத் தொடுத்தார். வழக்குப் பல ஆண்டுகள் இழுபட்டு, ஈற்றிற் தள்ளுபடியாயிற்று. மத்தியஸ்தரின் கண்ணுக்குக் குற்றமாகப் பட்டது நீதிபதியின் கண்ணுக்கு நட்ட ஈட்டுக்குரியதாகப் படவில்லை.

அவை தூர தேசத்துக் கதைகள். தம்பிலுவில் வீதியிலே அன்று நின்றவர்களுக்கு முன் இருந்த வினாவோ சிறிது. ஒரு வெள்ளிக் கிண்ணமும் கொஞ்சம் பணமும் யாருக்கு என்பதே. ஆயினும் எம் மனத்தில் ஓர் அச்சம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1980களின் நடுப்பகுதி தொட்டுப் போர் நிகழ்ந்த நெடுங்காலத்திலே, இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் செல்ல அஞ்சிய நாட்கள் இருந்தன. இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது அது ஊர் பார்த்து, மதம் பார்த்து வரவில்லை. 2009 இற் போர் ஓய்ந்தது. இன்று சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் எல்லோரும் போய் வருகின்றனர். எனினும் அக்கரைப்பற்று இளைஞனொருவன் தம்பிலுவிலில் ஏமாற்றப்பட்டான் என்றொரு பேச்சு எழுந்தால், அது பேருந்தைவிட விரைவாகக் கல்முனையை எட்டும். அப்பேச்சிலே சைக்கிள் இராது.

மூன்று மத்தியஸ்தர்களும் ஒதுங்கி நின்று பேசினர். அருகே நின்றமையால் எம் காதிலும் விழுந்தது. முதலிற் பேசியவர் அக்கரைப்பற்று ஆசிரியர். “சேர், நான் வாய் திறந்தா அது எங்கட பொடியனுக்காகச் சொன்னதாப் போயிரும். நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் ஒப்பம் வெக்கிறன்” என்றார். கழகத்து மூத்தவர், ஓட்டத்தைப் பிறிதொரு நாள் மறுபடி நடத்திவிடலாம் என்றார். அது தீர்ப்பன்று, தீர்ப்பைத் தள்ளிப் போடுவது என்று அதிபர் மறுத்துவிட்டார். பின்னர் அவர் செய்ததுதான் எமக்கு வியப்பளித்தது. தொலைபேசிப் படங்களை நீட்டியவர்களை விலக்கிக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்தபடி, வந்த வழியே மதகை நோக்கி நடந்தார். இரு ஓட்டக்காரரையும் கூடவே வரச் சொன்னார்.

கடற்கரை ஊர்களின் வீதிகளுக்கு ஓர் இயல்புண்டு. எத்தனை முறை கூட்டினாலும் தாரின் ஓரத்திலே ஒரு சாண் அகலத்துக்கு மணல் வந்து படிந்துவிடும். பின்னால் வந்த ஓட்டக்காரர் யாவரும் நடுவீதியால் வந்திருந்தபடியால், ஓரத்து மணலிலே இரண்டே இரண்டு ரயர்த் தடங்கள் கலையாமற் கிடந்தன. ஒன்று தாருக்கும் மணலுக்கும் விளிம்பாக நேரே வந்து, திடீரென வெளிப்புறம் மடிந்து, மணலில் ஆழ இறங்கியிருந்தது. மற்றது மதகுக்கு அப்பாலே தாரிலிருந்து சாய்வாக மணலுக்குள் வந்து, முந்திய தடம் மடிந்த இடத்துக்குச் சற்று முன்னே அதன் வழியை அடைத்திருந்தது. மதகுக்கு இப்பால் அது இல்லை. அதாவது, பாய்ச்சல் தொடங்கியபோது முன்னவன் ஓரத்தில் இருக்கவில்லை; தொடங்கிய பின்னரே ஓரத்துக்கு வந்தான்.

“மனே, எழும்பி மிதிச்சது எவடத்த?” என்று கேட்டார் அதிபர்.

“மதகடியில, சேர்” என்றான் இளைஞன். மறைக்கவில்லை.

“நீ வேணுமெண்டு செய்யல்ல. எனக்குத் தெரியும். ஆனா பாதைய விட்டு வந்திட்டாய்.”

அக்கரைப்பற்று வாலிபனையும் அவர் விடவில்லை. அவ்வளவு ஒடுங்கிய வழியிலே ஏன் நுழைந்தாய் என்று வினவினார். அப்போது வழி அகலமாயிருந்தது என்றான் அவன். அதிபர் தடத்தை மீண்டும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இருவரையும் கேட்ட பின்னரே கோட்டடிக்குத் திரும்பினார். இத்தனைக்கும் ஆன நேரம் இருபது நிமிடத்துக்கு மேல் இராது. முதலிடம் அக்கரைப்பற்று வாலிபனுக்கு. தம்பிலுவில் இளைஞன் இரண்டாமிடம் என ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

கூட்டம் அதனைப் புன்னகையோடு ஏற்றுக்கொண்டது என்று எழுத ஆசைதான். உண்மை அவ்வாறில்லை. “நம்மட ஊருல வெச்சே நம்மட பொடியனுக்கு எதிராத் தீர்ப்பா?” என்று ஒருவர் சத்தமிட்டார், அவரோடு வேறு சிலரும் சேர்ந்துகொண்டனர். அதிபர் பதில் கூறவில்லை. “போய் மணலப் பாருங்க” என்றார் அக்கரைப்பற்று ஆசிரியர். சிலர் உண்மையாகவே போய்ப் பார்த்தனர். அவர்களின் காலடி பட்டுத் தடம் அழிந்தது. தோற்ற இளைஞன் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டாம் பரிசை அவனுடைய தம்பி வந்து வாங்கினான். முதலிடம் பெற்றவனும் கிண்ணத்தை உயர்த்திக் காட்டவில்லை. அதனைத் தன் ஊராரொருவரிடம் கொடுத்துவிட்டு, மணலிற் சிராய்த்த முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிற்பகலிலே தேநீர்க் கடையொன்றில் முதியவரொருவரோடு உரையாடும் வாய்ப்புக் கிட்டிற்று. பேச்சு கொம்புமுறிக்குத் திரும்பியது. கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி இத்தேசத்திலே நடந்து வந்த விளையாட்டு அது. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என்று இரு கட்சியாகப் பிரியும். ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி. வளைந்த இரு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். தேற்றாத்தீவிலே கொம்புச்சந்திப் பிள்ளையார் என்னும் பெயரில் ஒரு கோயிலே இருக்கிறது. வென்றவர் தோற்றவரை வசை பாடுவர். கணவன் ஒரு சேரி, மனைவி மறுசேரி என்றால் வீட்டுக்குள்ளும் அது தொடரும். “அதுல மத்தியஸ்தம் லேசு, தம்பி. முறிஞ்சது எல்லாருக்கும் தெரியும்” என்றார் முதியவர். சற்று நேரம் கழித்து, “எண்டாலும் சண்டை வந்ததுதான்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

சைக்கிளோட்டத்தில் முறிந்த கொம்பு இல்லை. அதனாலேதான் சம்மேளனம் ஆண்டுதோறும் விதிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறது போலும். 2024 ஆம் ஆண்டு டூரின் ஆறாம் நாள், டிஜோன் நகரிலே இரண்டாவதாக வந்த யாஸ்பர் பிலிப்சன், பாதை விலகினார் என்பதற்காக வரிசையில் நூறு பேருக்கும் கீழே தள்ளப்பட்டார். 2025 முதல், உதைபந்தாட்டத்திற்போல், மஞ்சள் அட்டை முறையும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரே ஓட்டத்தில் இரண்டு அட்டை பெற்றவர் வெளியேற வேண்டும். இதனாற் பிணக்கு ஒழியுமென்று நாம் நம்பவில்லை. ஓட்டக்காரர் முழங்கையைச் சற்று அடக்கி வைப்பர் என்று நம்பலாம்.

தம்பிலுவிற் கழகத்தாரும் அன்று மாலையே கூடி அடுத்த ஆண்டுக்குச் சில ஏற்பாடுகளைத் தீர்மானித்தனர். கடைசி நூறு யாருக்கு இரு மருங்கும் கயிறு கட்டுவது. மதகிலிருந்து கோடுவரை ஓரத்து மணலைக் கூட்டாமல் விடுவது. சுண்ணாம்புக் கோட்டுக்கு நேரே வீதியோரத்தில் உயர்ந்த ஏணியொன்றை நிறுத்தி, அதன்மீது ஒருவரைத் தொலைபேசியோடு ஏற்றிவிடுவது. முதலிரண்டும் விவாதமின்றி நிறைவேறின. ஏணியில் யாரை ஏற்றுவது என்பதிலே, நாம் கல்முனைக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க எழுந்த வரையில், உடன்பாடு ஏற்படவில்லை.